நிவாரண மாமன்

தமிழ்ச்செல்வன் என்கிற பெயரை மாசாணியம்மாள் முதன்முதலாகக் கேட்டது, தன் தம்பி மனோஜ்குமாருக்குப் பெண் பார்க்கக் காரமடைக்குப் போன அன்றைக்கு. பெண் கீதா பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனதும், அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், பெயர் தமிழ்ச்செல்வன், வெளிநாட்டில் ஆபீசர் என்றார்கள்.

"எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டாள் மாசாணியம்மாள்.

"கம்பெனி இல்லீங்க. பஞ்சம்," என்றார் பெண்ணின் பெரியப்பா காளிச்சாமி.

"பஞ்சமுங்களா?"

"பஞ்சம், வெள்ளம், நெலநடுக்கம், சண்டை. எங்க எது வந்தாலும் பையன் அங்க போயிருவானுங்க. அரிசி, கூடாரம், போர்வை எல்லாம் ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக் கொடுக்கற உத்தியோகம். நிரந்தர உத்தியோகமுங்க."

"ஒலகத்துல நல்லது நடந்துபோட்டா வேலை போயிராதுங்களா?"

"அப்பிடி எங்கீங்க நடக்குது?" என்றார் காளிச்சாமி, பஜ்ஜியை எடுத்துக்கொண்டே.

கேட்டுக்கொள்ளுங்கள். நிவாரண மாமன் என்று ஒரு இனம் இருக்கிறது. துபாய் மாமன் உங்களுக்குத் தெரியும், அமெரிக்க மாமனும் தெரியும். அவர்கள் வந்தால் வீட்டில் வாசனை வரும், மிட்டாய் வரும். நிவாரண மாமன் வந்தால் தார்ப்பாய் வரும். லீவில் வந்து பெட்டியைத் திறந்தான் என்றால், கொசுவலை, வெயிலில் சார்ஜ் ஏறும் விளக்கு, மடக்கிவைக்கிற தண்ணீர்க் கேன், தண்ணீரில் போட்டுக் குடிக்கிற மாத்திரை என்று வரிசையாக எடுத்துவைத்து, ஒவ்வொருவரிடமும் ஒன்றைக் கொடுத்து, வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்தும் கேட்பான். மாசாணியம்மாளுக்கு உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு. அவளுக்குக் கிடைத்த தார்ப்பாய் ஆறு வருஷமாகக் கொப்பரைக் களத்தில் மழைக்கும் பனிக்கும் கிடக்கிறது, இன்னும் ஒரு பொத்தல் விழவில்லை. அதை மட்டும் அவள் குறை சொன்னதே கிடையாது.

அடையாளம் சுலபம். உடம்பில் ஒரு கையில்லாத மேல்சட்டை, அதில் பதினான்கு பைகள், பதினான்கிலும் பேனா. கழுத்தில் அட்டை. சொந்த வீட்டில், சொந்தத் தாயார் சின்னாத்தாள் தோசை சுடும்போது பக்கத்தில் நிற்கவும் அந்த அட்டை வேண்டும். ஆளைப் பார்த்ததும் "சௌக்கியமா?" என்று கேட்க மாட்டான். "நிலைமை என்ன?" என்பான். காப்பியைக் கையில் கொடுத்தால் குடிப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டு எழுதிக்கொள்வான். காப்பி ஆறிப்போகும்.

அவன் எதிரில் நீங்கள் கஷ்டப்படவும் முடியாது. அதுதான் பெரிய கொடுமை. பத்து நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள். "அங்க ஒரு குடத்துக்குப் பத்து கிலோமீட்டர் நடக்கறாங்க." ராத்திரியெல்லாம் கரண்ட் இல்லை என்றால், அங்கே மூன்று வருஷமாகக் கம்பமே இல்லை. மாசாணியம்மாள் ஒருமுறை மறந்துபோய்த் தன் முழங்கால் வலியைப் பற்றி வாய் திறந்துவிட்டாள். அங்கே நாற்பதாயிரம் பேருக்கு ஒரே டாக்டர் என்று ஆரம்பித்து, அந்த டாக்டருக்கே முழங்கால் சரியில்லை என்பதில் கொண்டுவந்து முடித்தான். வலிக்கிற காலைத் தேய்த்துவிடவும் கூச்சமாகி, அவள் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். மனுஷனுக்குத் தன் வலியைக் கொஞ்ச நேரம் பெரிதாக நினைத்துக்கொள்ளக்கூட உரிமை கிடையாதா?

கெட்டவனா? அதுதான் இல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே.

இப்படிப்பட்டவன், கீதாவுக்கு மகள் பிறந்த அன்று எந்தப் பாலைவனத்திலிருந்தோ போனில் கத்தினான்: "என்ற மடியிலதான் காது குத்தோணும், கீதா! வேற யாரு மடியிலயும் வெச்சுராதே!" தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்த முறை. கீதாவும் சரி என்றாள். குழந்தைக்கு அக்ஷயா என்று பெயர் வைத்து, ஒரு வயதில் நாள் குறித்தார்கள். எங்கோ ஒரு ஆறு கரை உடைத்துக்கொண்டது. மூன்று வயதில் குறித்தார்கள். நோய் வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. ஐந்து வயதில் குறித்தார்கள். பத்திரிகை அச்சாகி, மஞ்சள் தடவி, பாதி ஊருக்குக் கொடுத்தும் முடித்தபிறகு, யாரோ இரண்டு தளபதிகளுக்குள் சண்டை. அந்தத் தளபதிகளுக்கு அக்ஷயாவின் காதைப் பற்றி என்ன தெரியும்?

இப்போது அக்ஷயாவுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள், காதில் ஒட்டிக்கொள்கிற கம்மல். வேர்த்தால் விழுந்துவிடும். ஒன்று இட்லிச் சாம்பாரில் விழுந்து, அதை மனோஜ்குமார் கடித்தே விட்டான்.

"உங்கண்ணன் ஊரு ஒலகத்துக்கெல்லாம் மாமன், நம்ம புள்ளைக்கு மட்டும் ஆபீசரு," என்று மாசாணியம்மாள் நாத்தனார் முறைக்கு ஒன்று சொல்வாள்.

"வருவானுங்க. சொல்லியிருக்கானுங்க," என்பாள் கீதா. ஆறு வருஷமாக அதே பதில்தான்.

கடைசியில் இந்த ஆனி மாதம் வந்தே விட்டான், பத்து நாள் லீவில். மாதத்தின் கடைசி முகூர்த்தம் வெள்ளிக்கிழமை காலை, ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரைக்கும். பத்தரைக்கு ராகு காலம். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விமானம். அதற்கப்புறம் ஆடி. இனி அடுத்த லீவு எப்போது என்பது எந்தத் தளபதியின் கையில் இருக்கிறதோ! அதனால் மனோஜ்குமார், கோபப்படாமல், ஆனால் முடிவாகச் சொல்லிவிட்டான்: "பத்தரைக்குள்ள உங்கண்ணன் மணையில உக்காரோணும். இல்லீன்னா சரவணன் மடியில வெச்சுக் குத்திப்போடலாம், கீதா. புள்ளை இதுக்கு மேல தாங்காது." சரவணன் கீதாவுக்குச் சித்தப்பா மகன், அவனும் மாமன் முறைதான். புது வேட்டி வாங்கிவிட்டான்.

குலதெய்வக் கோயிலை ஒட்டிய மண்டபம். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாசாணியம்மாள் போய் இறங்கியபோது வாசலில் சந்தனக் கிண்ணத்தைக் காணோம். கற்கண்டைக் காணோம். அந்த இடத்தில் மூன்று மேசைகள் இருந்தன. ஒன்றில் பதிவு. இரண்டாவதில் டோக்கன். மூன்றாவதில் குறை கேட்பது. அதில் தமிழ்ச்செல்வனே உட்கார்ந்திருந்தான். மாட்டுக் கயிற்றை வாங்கிவந்து, நாற்காலிக்கு நாற்காலி கட்டி வழி பண்ணியிருந்தான். கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒரு வழி, வயதானவர்களுக்கு ஒரு வழி, மாசமாக இருப்பவர்களுக்கு ஒரு வழி, மற்றவர்களுக்கு ஒரு வழி.

"ஏனுங்க தம்பி, இதென்னங்க?"

"ஐநூறு பேர் வாராங்க அக்கா. பந்திக்கு எடம் நூத்திருபது. கூட்டம் முண்டியடிச்சா ஆபத்துங்க."

கொங்கு நாட்டில் பந்திக்கு முண்டியடிக்கிற ஆளை யாராவது பார்த்ததுண்டா? வயிறு முதுகோடு ஒட்டினாலும், வீட்டுக்காரர் வந்து, கையைப் பிடித்து, "வாங்க, சாப்புட வாங்க" என்று கூப்பிடாமல் ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். கூப்பிட்டாலும், "இருக்கட்டுமுங்க, அப்பறம் ஆகட்டுமுங்க" என்று இரண்டு தடவை சொல்லி, மூன்றாவது தடவை இழுத்தால்தான் வருவார்கள். கூப்பிடாமல் விட்ட ஒரு ஆளுக்காக இருபது வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்களை மாசாணியம்மாள் ஊர் ஊராகச் சொல்வாள், இந்தப் பக்கத்துச் சோமனூரில் ஆரம்பித்து. அந்த ஜனங்களுக்குப் போய் டோக்கன்!

காளிச்சாமி பெரியப்பாவுக்கு நூற்று நாற்பத்து மூன்று. மற்றவர்கள் வழி.

"ஏண்டா, என்ற ஊட்டு விசேஷத்துல எனக்கே சீட்டாடா?"

"எல்லாருக்கும் ஒரே முறைதானுங்க பெரியப்பா. உங்களுக்கு அவசரத் தேவை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"உன்னை ரெண்டு அறையோணும். அவசரந்தான்."

அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

ஒன்பதரைக்கு கீதா வந்தாள். பத்தர் சீனிவாசலு கம்பியைத் தீட்டிவைத்து உட்கார்ந்திருக்கிறார், சீர்த்தட்டு இறக்கியாகிவிட்டது, வா அண்ணா என்றாள். "பத்தே நிமிஷம் கண்ணு, இந்த லைன் முடியட்டும்," என்றான். லைன் முடியுமா? அவன் கேட்கிற கேள்விக்கு? ஒவ்வொருவரும் உட்கார்ந்து தங்கள் முட்டி, சர்க்கரை, மருமகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார்கள். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிற ஆளை ஜனங்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்! சாப்பிட்டவர்கள்கூட மறுபடி வந்து நின்றார்கள். பத்து மணிக்கு கீதா மறுபடி வந்தாள். அவன் நிமிரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

மணையில் சரவணன் வந்து உட்கார்ந்து, புது வேட்டியை இழுத்துச் சரிசெய்து, மடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

மாசாணியம்மாள் இத்தனை வருஷம் குத்திக்காட்டியது பலித்துவிடும் போலிருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மூன்றாவது மேசைக்கு நடந்தவள், பாதியில் நின்றாள். வரிசையில், இரண்டு பெரியவர்களுக்கு நடுவில், மாமன் சீராக வந்த பட்டுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, ஒட்டுக் கம்மலைக் கழற்றிய வெறுங்காதோடு அக்ஷயா நின்றிருந்தாள். கையில் டோக்கன். இருநூற்றுப் பன்னிரண்டு.

"நீ முன்னால போ சாமி," என்றார் முன்னால் நின்ற பெரியவர்.

"வேண்டாமுங்க. மாமா திட்டுவாரு. நம்பர் வரோணும்."

நம்பர் வந்தது. அப்போது மணி பத்து பதினைந்து.

"பேரு?" என்றான் தமிழ்ச்செல்வன், தாளைப் பார்த்தபடி.

"அக்ஷயா."

"வயசு?"

"ஏழு."

"ஊட்ல எத்தனை பேரு?"

"மாமாவைச் சேத்தியா, சேக்காமயா?"

பேனா கொஞ்சம் தயங்கியது. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது தலைக்கு முந்தி ஓடும். "தேவை என்ன?" என்று வாய் தானாகவே கேட்டுவிட்டது.

"மடி," என்றாள் அக்ஷயா. "காது குத்தறதுக்கு. இல்லீன்னா பரவால்லீங்க, சரவணன் மாமா மடி காலியாத்தான் இருக்குது. அம்மாதான் அழுகுறா."

தமிழ்ச்செல்வன் நிமிர்ந்தான். பிள்ளையைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். பத்தொன்பது கட்டம் போட்ட அந்தத் தாளில், அரிசிக்குக் கட்டம் இருந்தது, போர்வைக்கு இருந்தது, இதற்கு இல்லை. நம்ப மாட்டீர்கள், அப்போதும் அவன் 'இதர தேவைகள்' என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனான். மாசாணியம்மாள் அந்தப் பேனாவைப் பிடுங்கினாள்.

"எந்திரிங்க தம்பி! ஒலகம் ஒரு மணி நேரம் காத்திருக்கும். ராகு காலம் நிக்காது!"

மாமன் எழுந்தான். எழுந்த வேகத்தில் கயிறு காலில் மாட்டி, நாலு வழியும் நாற்காலிகளோடு அவன் பின்னால் இழுபட்டு வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, சரவணனை மணையிலிருந்து கிளப்பி, உட்கார்ந்தான். பத்து இருபத்திரண்டு. சீனிவாசலு கம்பியை எடுத்தார்.

"ஒரு நிமிஷமுங்க," என்றான் தமிழ்ச்செல்வன். "கம்பியைக் கொதிக்க வெச்சீங்களா?"

"அண்ணா!" என்று கீதா போட்ட சத்தத்தில் மேளக்காரர் தானாகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

வலது காது, இடது காது. அக்ஷயா பல்லைக் கடித்துக்கொண்டாள், அழவில்லை. மூன்று போர், இரண்டு நிலநடுக்கம், எண்ண முடியாத வெள்ளம் பார்த்த மாமன், மேளத்தையும் மீறி, ஓவென்று அழுதான். "ஏனுங்க, நான் குத்தினது புள்ளைக்குத்தானுங்களே?" என்று சீனிவாசலு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். மாசாணியம்மாள் சிரிக்க நினைத்து, மூக்கைச் சிந்தினாள்.

அப்புறம் அவளே போய், ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துப் பந்தியில் உட்கார வைத்தாள். காளிச்சாமியை மூன்று தடவை இழுக்க வேண்டியிருந்தது. கடைசிப் பந்தியில் தமிழ்ச்செல்வன் தூணுக்குப் பக்கத்தில் நின்று, "எல்லாரும் சாப்புட்டாச்சுங்களா அக்கா, யாரும் விட்டுப்போகலியே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். விட்டுப்போனது அவன் ஒருத்தன்தான். அவனையும் கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். "இருக்கட்டுமுங்க, அப்பறம் ஆகட்டும்," என்றான். அந்த மட்டுக்கு இன்னும் இந்த ஊர்க்காரன்தான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நமக்கென்ன, நாம் பஞ்சத்துக்கும் போகவில்லை, வெள்ளத்துக்கும் போகவில்லை என்று நினைத்துக்கொள்கிறீர்கள். எந்த ஊரிலோ எந்த ஆஸ்பத்திரியிலோ ரத்தம் வேண்டும் என்று வந்த செய்தியைப் போனில் நாற்பது குழுவுக்கு அனுப்பிவிட்டு நிமிர்கிறீர்களே, அப்போது உங்கள் பக்கத்தில் நின்று யாரோ எதையோ ரொம்ப நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களே, அது யார்? என்ன கேட்டார்கள்? அவர்கள் கையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். டோக்கன் இருந்தாலும் இருக்கும்.

அக்ஷயா காதில் இப்போது தங்கக் கம்மல், சாம்பாரில் விழுவதில்லை. தமிழ்ச்செல்வன் தெற்குச் சூடானில் ஒரு முகாமில் இருக்கிறான். அங்கே வெள்ளம் இன்னும் வடியவில்லை.