ஆற்றைத் திருத்திய கல்லூரி

ஆராய்ச்சி உலகில் இதுவரை யாரும் செய்யாத சாதனையை எங்கள் கல்லூரி செய்திருக்கிறது. மற்றவர்கள் இயற்கையை உள்ளபடியே பார்த்துவிட்டுத் திரும்புகிற சோம்பேறிகள். நாங்கள் அதைத் திருத்திவிட்டுத்தான் பார்க்கப் போனோம். விலங்கியல் விரிவுரையாளன் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு.

தொடங்கி வைத்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. எதற்கெடுத்தாலும் கையைத் தூக்குவதால் அவளுக்கு 'சந்தேகம்' என்று பெயர். ஊருக்கு வெளியே ஓடும் ஆற்றில் நீர்நாய் குட்டி போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"எல்லாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டணும் சார். சத்தம் போடாம நின்னாப் போதும். அம்மா குட்டிங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்குது!"

முதல்வர் உடனே 'உயர்மட்டக் குழு'வைக் கூட்டினார். பெயர் பொருத்தமானதுதான், கூட்டம் மொட்டைமாடியில் நடந்தது.

"நீர்நாயா? அதுக்கு ஊசி போட்டாச்சா?" என்றார் முதல்வர்.

"அது நாய் இல்ல சார்," என்றேன்.

"பேர்லயே நாய் இருக்கே! கடிச்சா யார் பொறுப்பு?"

உடற்கல்வி ஆசிரியர் எழுந்தார். "கரையெல்லாம் நாணல் மண்டிக் கிடக்கு சார். பாம்பு இருக்கும்."

"வெட்டிடுங்க."

"அந்த நாணலுக்குள்ளதான் சார் அது குட்டிங்களோட இருக்கு," என்றேன்.

"அதனாலதான் சொல்றேன். ஒளிஞ்சிருந்தா பசங்க எப்படிப் பார்ப்பாங்க? படிப்புக்கு வசதியா வெளிய வந்து உட்காரட்டும்!"

இவ்வளவு தொலைநோக்கு உள்ளவரிடம் கிட்டத்தில் இருப்பதைப் பற்றிப் பேசுவது மரியாதையல்ல. உட்கார்ந்துவிட்டேன்.

வேலை மும்முரமாக நடந்தது. மண்வாரி இயந்திரம் கரையைச் சமப்படுத்தியது. கொசுவுக்குப் புகை அடித்தார்கள். பாகுபாடு இல்லாமல் தும்பிகளுக்கும் அந்தச் சேவை கிடைத்தது. கடைசியில் சவரம் செய்த முகவாய்போல் கரை பளபளத்தது.

பயண நாளன்று மாணவர்கள் வெள்ளைத் தொப்பியுடன் வரிசையாக நின்றார்கள்.

"இயற்கையின் மௌனத்தைக் கேளுங்கள்!" என்று முதல்வர் ஒலிபெருக்கியில் முழங்கினார். எதிர்க்கரைவரை கேட்டது. கேட்க அங்கே யாரும் இல்லை.

"எதை சார் படம் எடுக்கிறது?" என்றார் புகைப்படக்காரர். தண்ணீரில் ஒரு தவளைகூட இல்லை.

உடற்கல்வி ஆசிரியர் அசரவில்லை. பேருந்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு பெரிய கூடையை இறக்கினார். "வனவிலங்கு ரெடி சார்!"

பண்ணை வாத்துகள். கொட்டகையிலேயே பிறந்து வளர்ந்தவை. ஆற்றைப் பார்த்தன, மண்வாரி இயந்திரம் விட்டுப்போன எண்ணெய்ப் படலம் அதன்மேல் மிதப்பதையும் பார்த்தன. தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, திரும்பி நடந்து பேருந்தில் ஏறிக்கொண்டன. அன்று அங்கே வந்தவர்களில் ஆற்றை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தவை அவை மட்டும்தான்.

'சந்தேகம்' வரிசையில் இல்லை. தேடிப் போனேன். ஆற்றின் மேல்பக்கம், ஈரச் சேற்றின் அருகே குந்தியிருந்தாள். ஒரு பெரிய காலடித் தடம். பக்கத்தில் சிறுசிறு தடங்கள். பாறைவரை போய் நின்றுவிட்டன.

"போயிடுச்சு சார். குட்டிங்களுக்கு இன்னும் சரியா நீந்தக்கூட வராது. மேல எல்லாம் வேகமான தண்ணி. பிழைச்சிருக்குமா சார்?"

பாறைக்கு அப்பால் இன்னொரு தடம் தெரிகிறதா என்று நானும் குனிந்து தேடினேன்.

கூட்டத்துக்குத் திரும்பியதும் முதல்வர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டார். "ஏம்மா அழற? சர்டிபிகேட் எல்லாருக்கும் உண்டு. வா, நன்றியுரை நீயே சொல்லு."

அவள் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டாள்.

"முதல்வருக்கு நன்றி. இந்த ஆத்துல என்னென்ன உயிர் இருக்குன்னு பார்க்க வந்தோம். நாம வரணும்னு முடிவு பண்ற வரைக்கும் எல்லாமே இருந்துச்சு."

முதலில் கைதட்டியவர் அவர்தான். எதிலும் முதலில் நிற்பதால்தானே முதல்வர்!