சம்பந்தி அனுப்பிய ரெசின்காரர்

வெள்ளவத்தை,
செவ்வாய் பின்னேரம்.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி திரு. உலகப்பன் அவர்களுக்கு,

நாங்கள் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை விக்ரமனும் குறைவின்றி இருக்க அம்பாள் துணை. வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குழு முழுக்க வாசித்துவிடும் என்பதால் பேனாவை எடுத்தேன்.

தாங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து அனுப்பிவைத்த ரொனி என்ற ரெசின்காரர் விஷயமாகவே இக்கடிதம். துறைமுகச் சுங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் பிறத்தியார் பெட்டியைக் கிண்டியவன் நான். ஆள் கதவால் வரும்போதே எனக்கு மணந்துவிடும். பிள்ளைகள் குடிபோகும் புது ஃபிளட்டின் குசினியில் சமையல் மேடைக்குப் பலாப்பலகை போடும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன், வேலை எங்கள் வீட்டு முன்னறையில்தான். பலகை நடுவில் ஓடும் வெடிப்பில், பாகாக ஊற்றினால் கண்ணாடிபோல் இறுகும் நீல ரெசினை ஊற்றி, அஷ்வினி ஏழு வயதில் இந்தக் கடற்கரையில் பொறுக்கிய பத்தொன்பது சிப்பிகளையும் அதற்குள் பதிப்பதாக ஏற்பாடு. ஒரே பிள்ளை, அவளும் போகப்போகிறாள். அந்தப் பலகையாவது ஒழுங்காக அமையவேண்டும்.

கடையில் கெதியாக இறுகும் ரெசின் இருக்க, இவர் மூன்று நாள் எடுப்பதைத் தெரிந்தெடுத்தார். ஏன் என்று கேட்டேன். "ஆழமான வெடிப்பு அங்கிள். கெதியா இறுகிறத தடிப்பா ஊத்தினா சூடேறி வெடிச்சிரும்," என்றார். இவ்வளவு தயாராகப் பதில் வைத்திருப்பவரை நான் நம்புவதில்லை. பெரிய டின்னில் ரெசின், சின்ன டின்னில் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர். இரண்டையும் டிஜிட்டல் தராசில் கிராம் கணக்கில் நிறுத்தார். நேர்மையான மனிதருக்கு ஏன் இவ்வளவு கவனம்? ஹார்ட்னரோ பார்வைக்கு வெறும் தண்ணீர். ஆகவே அவர் நிறுத்து வைத்துவிட்டு ஃபோன் கதைக்க வெளியே போன நேரம், அதில் கால்வாசியை ஜாம் போத்தலில் மாதிரியாக எடுத்து, லேபிள் ஒட்டி, கண்ணாடி அலுமாரியில் பூட்டினேன். மாதிரி எடுக்காமல் நான் ஒரு பீப்பாயையும் துறைமுகத்தால் வெளியே விட்டதில்லை.

அவர் வந்து கலக்கி ஊத்தினார். ஊத்தினது வியாழன், இண்டைக்குச் செவ்வாய், இன்னும் பாகு மாதிரி ஒட்டுது. நான் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா விரலால தொட்டுப் பாத்தது உண்மைதான், அதுக்காக ரெசின் இறுகாம விடுமோ சம்பந்தி? குனிஞ்சு பாக்கேக்க மூக்குக்கண்ணாடி அதில விழுந்து, அத எடுக்கப்போய் சேட்டுக் கை ஒட்டி, சேட்டைப் பிரிக்கப் பேப்பரைப் போட்டு, இப்ப நீலக் கடலுக்குள்ள மரண அறிவித்தல் பக்கம் ஒண்டு தலைகீழாக் கிடக்குது. ரொனி வந்து பாத்திட்டு, "ஹார்ட்னர் குறைஞ்சு போச்சு அங்கிள்," எண்டார். பாத்தீங்களே, ஆள் தன்ர வாயாலயே ஒப்புக்கொண்டிட்டார்! இன்னொண்டும் தோணுது, கோவிக்கக்கூடாது. பொம்பிளை வீட்டார் போட்ட பலகை ஒட்டுது எண்டு நாலு பேர் கதைக்கவேணும் எண்டு ஆரும் அவருக்குச் சொல்லி அனுப்பினவையோ? ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் புது ஃபிளட்டில குடிபூரல். ஆகவே அவரை உடனே திருப்பி அழைத்து, நம்பிக்கையான வேறொருவரை அனுப்பிவைக்கத் தங்களைத் தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசி. புறக்கோட்டையில் தங்கள் வியாபாரம் முருகன் அருளால் பெருகட்டும்.

இங்ஙனம்,
வே. சிவபாதசுந்தரம்,
ஓய்வுபெற்ற சுங்கப் பரிசோதகர்.

பி.கு.: கையெழுத்து வைக்கும்போதே அஷ்வினி வந்துவிட்டாள். பலகையைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "என்னப்பா நடந்தது?" என்றாள். என் கண் தானாக அலுமாரிக்குள் இருந்த ஜாம் போத்தலுக்குப் போனது. பலகையடியில் நின்ற ரொனி அந்தப் போத்தலையும் என்னையும் ஒருதரம் பார்த்துவிட்டு, "பிழை என்ர மிஸ். கடல் காத்து ஈரம், நான் யோசிக்கேல்ல. அப்பா பக்கத்தில நிண்டபடியாத்தான் சிப்பியாவது தப்பினது," என்றார். அவள் என் கையைப் பிடித்து, "நல்லவேளை அப்பா நீங்க இருந்தீங்க," என்றாள். எனக்கு நிலம் பிளக்கக்கூடாதா என்றிருந்தது. அவள் அப்பால் போனதும் ரொனி மெதுவாக, "அடுத்தமுறை சாம்பிள் எடுத்தா சொல்லுங்க அங்கிள், நான் கூடுதலா நிறுக்கிறன்," என்றார்.

இப்போது இருவருமாகச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம், புதிதாக இன்றே ஊற்றினால் ஞாயிறுக்கு இறுகிவிடுமாம். வேறு ஆள் வேண்டாம், அனுப்பினாலும் உள்ளே விடமாட்டேன். மேலே எழுதியதை வெட்டித் திருத்த நேரமில்லை, தயவுசெய்து வாசிக்கவேண்டாம். கடிதத்தை ரொனியே தங்கள் கடையில் கொண்டுவந்து தருவார். வழியில் பிரித்து வாசித்தால் வாசிக்கட்டும், உறையை நான் ஒட்டவில்லை.