ஐந்து மணிச் சைரன்

பேய் அழாக்குறையாக வந்து ரிக்கட் விற்கும் கொட்டில் வாசலில் நின்றது.

"மொதலாளி, எனக்கு இந்த வேலை வேணாம்."

கனகசிங்கம் நிமிர்ந்து பார்த்தார். கறுப்பு அங்கியும் வெள்ளை முகமூடியுமாக நின்றவன் வேலன். தன்னாமுனை வாவிக்கரையில் கனகசிங்கம் திறந்திருக்கும் களியாட்டப் பூங்காவில், பேய் வீட்டுக்குள் ஒளிந்திருந்து ஆட்கள் மேல் பாய்கிற உத்தியோகம் அவனுக்கு.

"என்னடா, ஆரும் அடிச்சுப்போட்டாங்களா?"

"அடிச்சாலும் பரவாயில்ல மொதலாளி. ஒரு அம்மாக்கு முன்னால பாஞ்சு விழுந்து கத்தினன். 'தொண்டை கட்டப்போகுது மனே, சாப்பிட்டியா?' எண்டு கேட்டு வாழப்பழம் தந்திட்டுப் போறா."

ஆதாரத்தை நீட்டினான். பாதி ஏற்கனவே தின்றாகியிருந்தது.

"அதோட உள்ளுக்க மூணு குழந்தைகள் நித்திரை. இருட்டாவும் இருக்காம், காத்தாடியும் இருக்காம் எண்டு தாய்மார் கொண்டுவந்து கிடத்தியிருக்காங்க. 'கத்தாத, புள்ள ஒழும்பிடும்' எண்டு என்ன வெருட்டுறாங்க."

கனகசிங்கம் நெற்றியைத் தடவினார். சண்டை முடிந்து இரண்டு வருடம். இனிச் சனம் சிரிக்க ஓர் இடம் வேண்டும் என்று, கொழும்பிலிருந்து பழைய ராட்டினத்தையும் இரண்டு அன்னப் படகுகளையும் லொறியில் ஏற்றி வந்தவர் அவர். இளசுகளுக்குத் திகில், குடும்பங்களுக்குக் குதூகலம், இரண்டும் தராசுத் தட்டுப் போலச் சமமாக நிற்க வேண்டும் என்று காண்பவர்களுக்கெல்லாம் இரண்டு கையையும் ஏந்திக் காட்டி விளக்குவார். ஆனால் அந்தத் தராசு திறந்த நாளிலிருந்து ஒருநாளும் சமமாக நின்றதில்லை.

திகிலுக்கென்று வைத்த பேய் வீட்டில் குழந்தைகள் தூங்கின. அமைதிக்கென்று வைத்த அன்னப் படகைக் கண்டாலே தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர்தான் என்று வேலன் வாவிக்குள் இறங்கி நின்றே காட்டினான். "கடல் வந்த அண்டைக்கும் முதல்ல முழங்கால் மட்டும்தான் தம்பி வந்திச்சு" என்றாள் ஒரு தாய். அதற்குப் பிறகு வேலன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இளசுகள் இன்னொரு பக்கம். துசாந்தன் என்ற பொடியன் ராட்டினத்திலிருந்து இறங்கிக் கொட்டாவி விட்டான். "அண்ணன், நாங்க சண்டைக்குள்ள, செல்லடிக்குள்ள டியூசனுக்குப் போன ஆக்கள். இதுக்குப் பயப்பட எங்களுக்கு நேரமில்ல."

இத்தனைக்கும் மேலே கனகசிங்கத்துக்கு வேறொரு மனக்குறை இருந்தது. அதன் பெயர் அன்னப்பூரணி. அவருடைய மனைவி.

சுனாமி வந்த காலையில் அவர்கள் கல்லடிக் கடற்கரை வீட்டில் இருந்தார்கள். "கடல் வருது" என்று யாரோ கத்தினார்கள். கனகசிங்கம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பெரிய ரோட்டில் நின்று மூச்சு வாங்கியபோதுதான், தான் தூக்கி வந்தது றேடியோ என்பதும், மனைவி வரவில்லை என்பதும் தெரிந்தது. அன்னப்பூரணி வளவு மாமரத்தில் ஏறி, மத்தியானம் வரை கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்து தப்பினாள். அந்த றேடியோவுக்குள் பற்றரிகூட இருக்கவில்லை.

அன்று தொடங்கியது. "கோயிலுக்குப் போவமா?" என்று கேட்டால், "றேடியோவக் கூட்டிக்கொண்டு போங்க" என்பாள். "கறிக்கு உப்புக் காணாது" என்றால், "றேடியோட்டச் சொல்லுங்க." ஆறு வருடமாக ஒரு நாள் தவறாமல். அவள் அதைச் சிரிக்காமல் சொல்வதுதான் அவருக்குச் சுட்டது. உண்மையைச் சொன்னால், இந்தப் பூங்காவையே அவர் அவளுக்காகத்தான் கட்டினார். அவள் ஒரு தடவை வந்து, தண்ணீர்க் கரையில் நின்று, ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். அவளோ வாசல் வரைகூட வரவில்லை.

"மாமா, ராட்டினத்தக் கொஞ்சம் வேகமா விட்டுப் பாருங்களன்" என்றாள் ரிக்கட் கிழிக்கும் கலாஜினி. அன்னப்பூரணியின் அண்ணன் மகள். கெட்டிக்காரி.

வியாழக்கிழமை வேகமாக விட்டார்கள். துசாந்தன் கொட்டாவி விடுவதை நிறுத்தினான். ஆனால் அதே சுற்றில் இருந்த ஒரு குடும்பம், மத்தியானம் சாப்பிட்ட பிட்டையும் மீன்குழம்பையும் கீழே நின்றவர்களுக்குப் பகிர்ந்தளித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மெதுவாக விட்டார்கள். குடும்பங்கள் மகிழ்ந்தன. இளசுகள் மேலே காற்று நன்றாக இருக்கிறது என்று சீட்டாடக் கடதாசிக் கூட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டம் முடியும்வரை இறங்க மாட்டோம் என்றார்கள்.

"சரி, ஐஞ்சு மணி மட்டும் குடும்பத்துக்கு மெதுவா, ஐஞ்சுக்குப் பிறகு இளசுகளுக்கு வேகமா" என்று தீர்ப்புச் சொன்னார் கனகசிங்கம். நல்ல தீர்ப்புத்தான். ஆனால் ஐந்து மணி ஆனதை யாரும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவருக்குச் சொல்லவில்லை. பேரப்பிள்ளையோடு ஏறியிருந்த அவருடைய பல்செட் மூன்றாவது சுற்றில் வாவிக்குள் போய்விட்டது. வேலன் பேய் உடுப்போடு ஒரு மணித்தியாலம் தண்ணீருக்குள் தடவினான்.

மறுநாள் காலையில், பின்னேரம் ஐந்து மணிக்கு அடிக்கவென்று ஒரு மணி வாங்கி, அடித்தும் பார்த்தார்கள். ஐஸ்கிரீம்காரன் வந்துவிட்டான் என்று பிள்ளைகள் முழுவதும் ராட்டினத்தடியில் கூடிவிட்டன. ஐஸ்கிரீம் இல்லை என்றதும் எழுந்த அழுகையில் பேய் வீட்டுக் குழந்தைகளும் விழித்துக்கொண்டன.

"இதுக்கு ஒரு சைரன்தான் சரி" என்று சொல்லி, கனகசிங்கம் ஏறாவூருக்கு மோட்டார் சைக்கிளை விட்டார்.

ஊரே காக்கா என்று கூப்பிடும் பழைய இரும்புக் கடைக்காரர் தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார். "நெல்லு மில்லுச் சைரன் தம்பி. பொத்தான அமத்தினா மூணு கட்டை தூரத்துக்குக் கேக்கும். அமத்தாட்டி ஊமை. இதப் போல நம்பிக்கையான சாமான் கிடைக்காது."

கூரையில் சைரனைப் பூட்டி, பொத்தானை ரிக்கட் கொட்டில் சுவரில் வைத்தார்கள். பின்னேரம் ஆள் குறைந்த நேரம் பார்த்து ஒரு தடவை அமத்திப் பார்த்தார். பக்கத்து வளவில் தேங்காய் பறிக்க ஏறியவர் அதன் பிறகு இறங்க மறுத்துவிட்டார். இரண்டு பேர் போய்க் கெஞ்ச வேண்டியிருந்தது.

"மாமா, கடல் வருது எண்டு சனம் ஓடும்" என்றாள் கலாஜினி.

"ஒருத்தரும் ஓட மாட்டாங்க. நெஞ்சு லேசாப் பதறும். அதுதான் புள்ள திகில்."

அன்றைக்குச் சாப்பாட்டில் இருந்தபோது இந்தத் திட்டத்தை மனைவிக்கும் விளக்கினார். அன்னப்பூரணி சோறு போட்ட அகப்பையை அந்தரத்தில் நிறுத்தினாள்.

"அப்ப, சைரன் ஊதினா நீங்க ஓடுவீங்களா?"

"நான் ஏன் ஓடுறன்? எண்ட சைரன். ஐஞ்சு மணிக்கு ஊதும் எண்டு எனக்குத் தெரியும்தானே."

அவள் அகப்பையைச் சோற்றுப் பானைக்குள் வைத்தாள். "நாளைக்கு நானும் வாறன்" என்றாள்.

கனகசிங்கத்துக்குப் புரையேறிவிட்டது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவள் றேடியோவைச் சொல்லாமல் ஓர் இடத்துக்கு வருகிறேன் என்கிறாள். படுக்கப் போகும் வரை அவர் வீட்டுக்குள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சனம் நிரம்பியது. அன்னப்பூரணி நீலச் சேலை உடுத்து வந்தாள். ராட்டினம் வேண்டாம் என்றாள், படகு வேண்டவே வேண்டாம் என்றாள். "நான் கலாஜினியோட கொட்டில்ல இருக்கன். நீங்க வேலையப் பாருங்க."

கனகசிங்கம் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்து, ராட்டினத்தடியில் நின்று குடும்பங்களை வரிசைப்படுத்தினார். கண் என்னவோ கொட்டில் பக்கமே போய்க்கொண்டிருந்தது. அவள் வந்திருக்கிறாள். பாதி வெற்றி. இன்றைக்கு அந்தச் சிரிப்பும் வந்துவிடும் என்று அவர் மனம் சொன்னது.

நாலு இருபதுக்குச் சைரன் அலறியது.

ஒரு கணம் பூங்கா முழுவதும் அசையாமல் நின்றது. பிறகு எல்லோரும் ஒன்றாக ஓடினார்கள். தாய்மார் பேய் வீட்டுக்குள் பாய்ந்து ஆளுக்கொரு குழந்தையை அள்ளிக்கொண்டு வந்தார்கள். துசாந்தனும் கூட்டாளிகளும், திகிலே இல்லை என்று திரிந்த வீரர்கள், பக்கத்தில் நின்ற பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் பறந்தார்கள்.

கனகசிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஆகவில்லை. தன்னுடைய சைரன் ஐந்துக்குத்தானே? அப்படியென்றால் இது தன்னுடையது அல்ல. அப்படியென்றால் இது உண்மையான சுனாமிச் சைரன். கால்கள் அதற்கு முன்பே முடிவெடுத்து ஓடத் தொடங்கியிருந்தன.

பத்தடி ஓடியிருப்பார். நெஞ்சோடு எதையோ அணைத்துக்கொண்டு ஓடுவது போல இருந்தது. குனிந்து பார்த்தார். ஒலிபெருக்கி.

ஒலிபெருக்கியைத் தூக்கி எறிந்தார். வந்த வழியே கிறுகி, வருகிற சனத்தை இடித்து விலக்கிக்கொண்டு, வாவிப் பக்கம், கொட்டிலை நோக்கி ஓடினார். யாரோ ஒருவர், "அங்கால போகாதீங்க, தண்ணி!" என்று சட்டையைப் பிடித்தார். சட்டை கிழிந்தது. அவர் நிற்கவில்லை.

அன்னப்பூரணி கொட்டில் வாசலில் நின்றாள். சேலையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. ஒரு தடவை பட்ட அனுபவசாலி, எவ்வளவு ஆயத்தம் என்று அந்த அவசரத்திலும் அவருக்குத் தோன்றியது. கையை எட்டிப் பிடித்தார்.

"சுறுக்கா வா!"

இழுத்துக்கொண்டு ஓடினார். வழியில் இருந்த வாய்க்காலைத் தாண்டினார்கள். ஒரு தடவை அவள் தடுக்கி விழப் பார்த்தாள், அவர் தாங்கிப் பிடித்தார். இன்னொரு தடவை அவர் விழுந்தே போனார், அவள் தூக்கி நிறுத்தினாள். பெரிய ரோட்டில் ஏறி நின்றபோதும் அவர் விரல்கள் அவள் கையை விடவில்லை.

பின்னால் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வேலன் ஓடி வந்தான். "ஒண்டுமில்ல! ஒண்டுமில்ல! எங்கட சைரன்தான்! நான் வயரப் பிடுங்கிப்போட்டன்!"

கனகசிங்கத்துக்கு அந்த இடத்திலேயே உயிர் போனால் நல்லது என்றிருந்தது. சனம் அவரைச் சூழ்ந்துகொண்டது. ஏச்சு விழுந்தது, நியாயமான ஏச்சு. அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பூங்கா இன்றோடு முடிந்தது என்று நினைத்தார்.

அப்போது, பல்செட் இல்லாத அந்த அதிபர் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தவர், வாயைத் திறந்து சிரித்தார். பேரப்பிள்ளை அந்தப் பொக்கை வாயைப் பார்த்துச் சிரித்தது. அதைப் பார்த்து ஒரு தாய் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. யார் யார் பிள்ளை யார் யார் தோளில் இருக்கிறது என்று தேடி, மாற்றி, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள்.

"அண்ணன்" என்றான் துசாந்தன், மூச்சு வாங்க. "இதுதான் திகில். ஆனா தயவுசெஞ்சு திரும்பச் செய்யாதீங்க."

அன்னப்பூரணியும் சிரித்தாள். ஆறு வருடமாக அவர் காத்திருந்த சிரிப்பு. கனகசிங்கம் மற்றப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"எல்லாரும் வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று அவள் கூப்பிட்டாள். தேத்தண்ணிக் கடையில் இருந்த சீனி, இஞ்சி, பிஸ்கட் எல்லாவற்றையும் தன் செலவில் எடுத்து, ஒவ்வொருவர் கையிலும் கொண்டுபோய்க் கொடுத்தாள். குழந்தைகளோடு வந்தவர்களிடம் இரண்டு தடவை மன்னிப்பும் கேட்டாள். புருசன் செய்த பிழைக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று கனகசிங்கம் உருகிப்போனார்.

சனம் கலைந்த பிறகு விசாரணை தொடங்கியது.

"நாலு இருவதுக்கு ஆரடா சைரன அமத்தினது?"

"கோயிலடிச் சத்தியம் மொதலாளி, நான் உள்ளுக்க நிண்டன். ஒரு குழந்தைக்கு விசிறிக்கொண்டு நிண்டன்."

கனகசிங்கம் இரும்புக் கடைக் காக்காவுக்குத் தொலைபேசி எடுத்தார். "சைரன் தன்ட பாட்டுக்குக் கத்துது. இதா உங்கட நம்பிக்கையான சாமான்?"

"அல்லாஹ்வே! தம்பி, பொத்தான அமத்தாம அது கத்தவே கத்தாது. உங்கட ஆக்கள விசாரிங்க."

கனகசிங்கம் வேலன் பக்கம் திரும்பினார். "அப்ப நீதான்டா. நாளையிலயிருந்து உனக்கு இங்க வேலையில்ல."

வேலன் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். இந்தத் தடவை பேய் நிஜமாகவே அழுதது.

"இஞ்ச" என்று வாவிப் பக்கமிருந்து அன்னப்பூரணியின் குரல் வந்தது. "இந்த அன்னப் படகு இன்னும் ஓடுமா? சும்மா ஒரு சுத்து."

கனகசிங்கம் வாய் பிளந்து பார்த்தார். அவள் படகில் ஏறி, கால் விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கிழிந்த சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஓரடி வைத்தார். கலாஜினி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"பாவம் வேலன ஏசாதீங்க மாமா. அமத்தினது மாமிதான். அமத்திப்போட்டு, செருப்பையும் கழட்டி வச்சிட்டு, 'இந்த முறை மனிசன் எதத் தூக்கிக்கொண்டு ஓடுறார் எண்டு பாப்பம்' எண்டு கைய நீட்டிக்கொண்டு நிண்டா."