வருகைப் பதிவும் விஜய்ராஜின் தலைமுடியும்

உத்தமபாளையத்தில் வாய்க்கால் கரை மரங்கள் பதிவு அலுவலகம் என்று ஒன்று இருந்தது. கரையில் நிற்கும் ஒவ்வொரு மரமும் தான் அங்கே நிற்பதற்கான அனுமதியை அந்த அலுவலகத்தில் பெற்றாக வேண்டும். அனுமதி இல்லாமல் வளர்ந்துவிட்ட மரத்துக்கு நோட்டீஸ் போகும். மரங்கள் பதில் எழுதுவதில்லை என்பதால் அலுவலகத்தில் வேலை எப்போதும் நிலுவையிலேயே இருந்தது.

அங்கே இளநிலை உதவியாளராகச் சேர்ந்த விஜய்ராஜுக்குத் தகுதிகாண் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. வருகையில் குறை இல்லாவிட்டால் வேலை நிரந்தரம். அந்த உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டுதான் பெண் பார்க்கக் கிளம்புவேன் என்று சின்னமனூரில் அவன் அம்மா சண்முகத்தாய் ஒரே பிடியாக உட்கார்ந்திருந்தாள். இந்த நேரம் பார்த்து ஒரு திங்கட்கிழமை காலை, வாசலில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் வருகைப் பதிவுக் கருவி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நபர் பொருந்தவில்லை" என்றது.

கருவியைக் குறை சொல்ல முடியாது. அவன் வேலையில் சேர்ந்தபோது அது எடுத்துவைத்த படத்தில் தலைமுடி கம்பம் திராட்சைப் பந்தல் போல அடர்ந்திருந்தது. இப்போது சீப்போடு பாதியும் துண்டோடு மீதியும் போய், உச்சந்தலையில் வெயில் நேரடியாக இறங்கியது. மேலும் அது ஆகக் குறைந்த விலைக்கு வாங்கிய கருவி. உச்சியிலிருந்து பார்க்க ஆரம்பித்து, தெரிந்த முடி தென்பட்டதும் திருப்தியடைந்து நிறுத்திவிடும்.

விஜய்ராஜ் ஓட்டமாக அதிகாரி ஞானதுரையிடம் போனான்.

"சார், நான்தான் விஜய்ராஜ்."

"நீ சொல்ற. கருவி இல்லைங்குதே. அது அரசு வாங்குன கருவிப்பா."

"என்னையும் அரசுதான சார் வேலைக்கு எடுத்துச்சு?"

"உனக்குத் தகுதிகாண் பருவம் இருக்கு. அதுக்கு இல்ல."

"படத்த மாத்திரலாமே சார்."

"தாராளமா மாத்தலாம். சென்னைக்கு எழுதணும். அதுக்கு முன்னால விண்ணப்பிக்கிற ஆளு கருவி முன்னால நின்னு, தான்தான் அந்த ஆளுன்னு நிரூபிக்கணும்."

"அதுதான் என்னைய ஒத்துக்கிற மாட்டேங்குதே சார்."

"அப்ப முடிய வளத்துரு. ஃபைல் நகர்றதுக்குள்ள அது வளந்துரும்."

அன்று மாலையே மெமோ வந்தது. 'மேற்படி ஊழியர், அரசுப் பதிவில் உள்ள தமது தலைமுடியை உரிய முன்அனுமதி இன்றி இழந்துள்ளமை தெரியவருகிறது. இழப்புக்கான காரணத்தையும், முடியை மீட்டெடுக்க மேற்கொண்ட நடவடிக்கையையும் உடன் தெரிவிக்குமாறு கோரப்படுகிறது.'

காரணம் சொல்ல அலுவலகத்தில் ஆளுக்கா பஞ்சம்? மரங்களைப் பற்றிக் கேட்டால் வாயே திறக்காதவர்கள், முடி என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். கண்காணிப்பாளர் கஸ்தூரியம்மாள், "எல்லாம் போர் தண்ணி செய்யுற வேல. சின்ன வெங்காயத்த அரைச்சுத் தேய்ங்க" என்றார். பக்கத்து இருக்கை சுரேஷ்கண்ணன் ஹெல்மெட்தான் காரணம் என்றார். அவர் அலுவலக நேரத்தில் செல்போனில் வீடியோ போட்டு மூலிகை எண்ணெய் விற்பவர் என்பதால், மருந்தும் அவரிடமே இருந்தது. பாட்டிலில் மலையாள எழுத்து. கேரளத்து எண்ணெய் என்று கம்பத்தில் வாங்குகிறார்கள். அதையே தமிழ்நாட்டு எண்ணெய் என்று எல்லை தாண்டிக் குமுளியில் வாங்குகிறார்கள். காய்ச்சுவது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ.

விஜய்ராஜ் எதையும் விடவில்லை. வெங்காயம் தேய்த்த வாரம் பஸ்ஸில் அவனுக்கு எப்போதும் உட்கார இடம் கிடைத்தது. முடி மட்டும் கிடைக்கவில்லை.

கடைசியில் தேனியில் தோல் மருத்துவர் ஜெபஷீலாவிடம் போனான். அவர் தலையைப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், கேள்விகள் கேட்டார்.

"ரெண்டு மூணு மாசம் முன்னாடி பெரிய காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

"டெங்கு வந்துச்சு மேடம்."

"அதான். அந்த மாதிரிக் காய்ச்சலுக்கு அப்புறம் கொத்துக் கொத்தாக் கொட்டும். பெரும்பாலும் சில மாசத்துல தானா வளர ஆரம்பிச்சிரும். பரம்பரை வழுக்கைன்னா அதுக்கு வேற வைத்தியம், உங்களுக்கு அது மாதிரித் தெரியல. இரும்புச்சத்து கொறைவா இருக்கு, மாத்திர எழுதுறேன். கீரை, முட்டை, பயறு சாப்பிடுங்க. நல்லாத் தூங்குங்க. கவலைப்படாதீங்க."

"வெங்காயம் மேடம்?"

"சாம்பார்ல போடுங்க."

இவ்வளவு படித்தவர் மேகமலை உச்சியில் கிடைக்கும் ஒரு வேரையாவது சொல்லக்கூடாதா என்று விஜய்ராஜுக்கு ஏமாற்றமாக இருந்தது. இருந்தாலும் சான்று வாங்கிவந்து கொடுத்தான். ஞானதுரை அதைப் படித்து உடனே ஆணை பிறப்பித்தார். 'மருத்துவச் சான்றின் அடிப்படையில், மேற்படி ஊழியர் கவலைப்படுவது இன்று முதல் நிறுத்தப்படுகிறது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்.' கவலைப்படவில்லை என்று தினமும் மாலை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும் அதில் இருந்தது. மறந்துவிடுவோமோ என்ற கவலையில் அவனுக்கு இருந்த தூக்கமும் போனது.

முடி வளரச் சில மாதங்கள் ஆகும், தகுதிகாண் பருவம் அதுவரை காத்திருக்காது. அதனால் நிர்வாக நலன் கருதி, பழைய படத்தில் உள்ளது போலவே ஒரு விக் வாங்கப்பட்டது. அது அரசு உடைமை ஆனதால் உள்பக்கம் பெயிண்டால் எண் எழுதினார்கள். காலையில் கையெழுத்துப் போட்டு வாங்கி, கருவியிடம் காட்டிவிட்டு, மாலையில் பீரோவில் ஒப்படைக்க வேண்டும். கருவி சந்தோஷமாக "வணக்கம் விஜய்ராஜ்" என்றது.

ஒருநாள் கம்பம் ரோட்டில் பஸ் பழுதாகி அவனுக்குத் தாமதமாகிவிட்டது. பாவப்பட்ட பிள்ளை என்று கஸ்தூரியம்மாள் விக்கை எடுத்து, தினக்கூலி ஊழியர் அம்மாவாசியின் தலையில் வைத்துக் கருவி முன் நிறுத்தினார். "வணக்கம் விஜய்ராஜ்." சுரேஷ்கண்ணன் விளையாட்டாக அதைத் தண்ணீர் கேன் மேல் கவிழ்த்துக் காட்டினார். அதற்கும் வணக்கம்.

அலுவலகம் யோசித்தது. அந்த அலுவலகம் முழுமனதோடு யோசித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரமே ஆளுக்கொரு விக் வந்தது. அதிகாரிக்குப் பதவிக்குத் தகுந்தபடி காதோரம் நரைத்த விக். அம்மாவாசி தினமும் அவற்றைக் கேன்களில் மாட்டிக் கருவிக்குக் காட்டிவிட்டு, அந்தந்த நாற்காலியில் உட்கார வைப்பார். அவர் பெயர் கருவியில் ஏறவில்லை. அதனால் அவர் மட்டும் நேரில் வரவேண்டியிருந்தது. முழு வருகைக்காக அலுவலகத்துக்குக் கேடயம் கிடைத்தது. ஞானதுரையின் கேன் அதை மடியில் வைத்துக்கொண்டது.

வீட்டில் இருந்த விஜய்ராஜ் கீரை சாப்பிட்டான், மாத்திரை போட்டான், மத்தியானமும் தூங்கினான். எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்ல ஆள் இல்லாததால் கவலையும் இல்லை. மருத்துவர் சொன்னபடியே முடி முளைத்தது. உச்சந்தலை மூடிய அன்று சண்முகத்தாய், "போயி ஒன் உத்தரவ வாங்கிட்டு வாலே" என்று விரட்டினாள். சொந்தத் தலையோடு கருவி முன் போய் நின்றான்.

"வணக்கம் விஜய்ராஜ். உங்கள் வருகை ஏற்கெனவே பதிவாகிவிட்டது. ஒரே நபர் இருமுறை உள்ளே வர அனுமதி இல்லை."

செல்போனில் ஞானதுரையைப் பிடித்தான்.

"ஒன் உத்தரவா? அது வந்து, ஒன் நாற்காலிகிட்ட அப்பவே குடுத்தாச்சேப்பா. ஒரு நாள்கூட லீவு போடாத ஆளுன்னு மேலிடமே பாராட்டி நிரந்தரமாக்கியிருக்கு. நீ இப்ப உள்ள போயி நின்னு ரெண்டு விஜய்ராஜ்னு ஆச்சுன்னா, ரெண்டு பேரையும் விசாரிப்பாக. நல்லா நடக்குறதக் கெடுக்காத."

அவன் கவுண்டர் பக்கம் போனான். தூசி படிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் நாற்காலியில் கேன் அடர்ந்த முடியோடு உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் இருளம்மாள் நின்றாள். வாய்க்கால் கரைப் புளியமரம் தன் வீட்டுக் கூரை மேல் சாய்ந்து நிற்கிறது, வெட்ட அனுமதி வேண்டும் என்று மனுவும் கையுமாக வருஷக்கணக்காக அலைபவள். கேனிடம் நடந்ததை முதலிலிருந்து விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, அது தண்ணிக் கேன். நான்தான் விஜய்ராஜ்" என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளும் ஒருமுறை பார்த்தாள்.

"நீங்க யாரா வேணா இருந்துக்கிடுங்க தம்பி. முன்னயெல்லாம் அந்த விஜய்ராஜ் சாரு என் மூஞ்சியக்கூடப் பாக்காம, நாளைக்கு வா, நாளைக்கு வான்னு வெரட்டுவாக. இப்பத்தான் நான் சொல்லி முடிக்கிற மட்டும் உக்காந்து கேக்குறாக. சத்தம் போடாம அங்கிட்டுப் போங்க."

விஜய்ராஜ் அங்கிட்டுப் போனான்.