மோட்டார் ஓட்டத் தெரியாதவரின் மோட்டார் கடன்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கம்ப்ளேன் அண்ணனின் கடிதம் வராத அலுவலகம் ஒன்று இருந்தால், அது அன்று காலைதான் திறந்திருக்க வேண்டும். சுவா பக்கத்தில் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் தண்ணீர் பம்பைப் பார்த்துக்கொண்டவர் அவர். வாங்கிய ரொட்டியில் ஒரு துண்டு குறைகிறது என்று கம்பெனிக்கே எழுதிப் போட்டு, அந்த ஒரு துண்டை வரவழைத்தவர். கோயில் பொங்கலில் முந்திரி இல்லை என்று நிர்வாகத்துக்கு மூன்று நகலோடு மனுக் கொடுத்தவர். மூன்றாவது நகல் சாமிக்காம்.

நான் அப்போது தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதி, விண்ணப்பப் பாரங்களை நிரப்பும் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக் காகிதம் கேட்டு வாரம் இரண்டு தடவை வருவார். அவர் தலை தெரிந்தாலே காகிதக் கட்டை மேசைக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அண்ணன் மந்தினில் ஒரு சின்ன வீட்டைப் பார்த்து, சேமிப்பையெல்லாம் முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதிக்கு பேங்கில் லோன் கேட்டார். முடியாது என்றார்கள். மோட்டார் சைக்கிள் வாங்கி ஒரு வருஷமாகத் தவணை கட்டாதவர் என்று அவருடைய கடன் அறிக்கையில் இருந்ததாம். லோன் கிடைக்காவிட்டால் வீடும் போச்சு, முன்பணமும் போச்சு.

அண்ணனுக்கு மோட்டார் என்ன, சைக்கிளே ஓட்டத் தெரியாது. ஏறினால் வாய்க்காலில்தான் இறங்குவார்.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் போய்ப் புதுப் பேனா வாங்கினார். அறிக்கை தயாரிக்கும் கம்பெனிக்கு ஆட்சேபம் எழுதினார். கடன் கொடுத்தவர்கள் சொன்னால்தான் திருத்துவோம் என்று பதில் வந்தது. சிரம்பானில் இருந்த அந்தக் கடன் ஆபீஸுக்கு வாராவாரம் பஸ் ஏறினார். உங்கள் அடையாள அட்டை, ஐசி நகல் எங்களிடம் இருக்கிறதே என்று அதிகாரி அசையவே இல்லை. மூன்றாவது வாரம் அண்ணன் அவரை வாசலுக்குக் கூட்டிவந்து, அவர் மோட்டாரையே இரவல் வாங்கி, ஏறிக் காட்டினார். பத்தடி தூரத்தில் பூந்தொட்டி இருந்தது. தொட்டியும் உடைந்தது, அண்ணன் முட்டியும் பெயர்ந்தது. அதற்குப் பிறகு அதிகாரி கொஞ்சம் இறங்கிவந்தார். கடன் பாரத்தின் நகலைக் கொடுத்து, இதை நிரப்பியவர் தவறை ஒப்புக்கொண்டு எழுதித் தரவேண்டும், இல்லையென்றால் மோட்டாரை வைத்திருப்பவன் நேரில் வரவேண்டும் என்றாராம்.

அண்ணன் நொண்டிக்கொண்டே தோட்ட ஆபீஸுக்கு வந்து நகலை என் மேசையில் வைத்தார். அது என் கையெழுத்து.

சம்பள நாளில் மோட்டார் கடைக்காரர்கள் ஆபீஸ் வாசலில் கூடாரம் போடுவார்கள். பாரம் நிரப்புவது நாங்கள். எல்லாருடைய ஐசி நகலும் எங்கள் ஃபைலில்தான். தோட்டத்தில் ஒரே பேரில் இரண்டு பேர், அப்பா பேரும் ஒன்றே. எங்களுக்கு அது ஒரு சிக்கலே இல்லை. ஒருவர் கம்ப்ளேன், இன்னொருவன் டவுசர். பட்டப்பேரிலேயே பழகி, சொந்தப் பேர் மறந்தே போயிருந்தது. டவுசர் வாங்கிய மோட்டாருக்கு அண்ணனின் ஐசியைப் பார்த்து எழுதி, அதையே செருகியும் வைத்தவள் நான்.

"தங்கச்சி, இது யாரு எழுத்துன்னு தெரியுதா?"

எழுதிக்கொண்டிருந்த பேரேட்டைச் சட்டென்று மூடினேன். புது முதலாளி இரண்டு கிராணிகளில் ஒருத்தரைத்தான் வைத்துக்கொள்ளப் போவதாகப் பேச்சு. அண்ணன் மூடிய பேரேட்டையும் என் முகத்தையும் பார்த்தார்.

"எனக்கும் தெரியல லா," என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் வெட்கம் தாங்காமல், தவறு என்னுடையதுதான் என்று எழுதி, பம்பு வீட்டுக்குப் போய் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார்.

"தேதி போடல. சாட்சி கையெழுத்தும் இல்ல. இந்த மாதிரி லெட்டர நான் வாங்க மாட்டேன் மா. போயி வேலைய பாரு."

தேதி போட்டுத் தருகிறேன் என்றேன். பேனாவைத் தரமாட்டேன் என்றார்.

டவுசர் தெமியாங்குக்குக் குடிபோயிருந்தான். அண்ணன் மூன்று ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். தவணை கேட்டு யாரும் வரவில்லை என்று அவன் அதுவரை நிம்மதியாக இருந்தானாம். மூன்றாவது ஞாயிறு அவன் மனைவிக்கே பொறுக்கவில்லை. மறுநாள் போய்க் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை அதே மோட்டாரில், டவுசரின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி அண்ணன் கடன் ஆபீஸுக்குப் போனார்.

அறிக்கை திருந்தியது. லயத்தைக் காலி செய்ய ஒரு வாரம் இருக்கும்போது லோன் வந்தது. வேலையும் எனக்கே நிலைத்தது.

மந்தின் வீட்டில் பால் காய்ச்சிய அன்று நானும் போயிருந்தேன். வீடே கைநழுவிப் போகிற நேரத்திலும் என் பேரைச் சொல்லாத மனுஷர், அத்தனை பேர் நடுவில் முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாலில் சர்க்கரை போட மறந்திருந்தார்கள். ஒரு குறையும் சொல்லாமல், இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.