கதவில் ஏழு முனை

"எட்டு முனைன்னு சொல்றீங்க. எனக்கு ஏழுதான் தெரியுது" என்றாள் டோனா.

பென்சில்வேனியாவின் அந்தச் சின்ன ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் மூன்று மணிக்குக் கேப்டன் தேர்தல். போட்டி ரோமன் ஸ்லிவாவுக்கும் டோனாவுக்கும். ரோமன் பேசப்போவது தீயணைப்பு வண்டிக் கதவில் அடித்திருந்த தகரச் சின்னத்தைப் பற்றி. மால்டா சிலுவை, தீயில் சிக்கிய தோழர்களை மீட்ட பழங்கால வீரர்களுடையது, எட்டு முனைக்கு எட்டு குணம். பழைய கேப்டனான அவன் அப்பா சொல்லித் தந்ததை இருபது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவருகிறான். முனைகளை எண்ணிப் பார்த்ததில்லை.

இப்போது எண்ணினான். ஏழு.

"எந்த குணம் குறையுதோ? அடக்கமா இருக்கும்."

"போய் வேலையப் பாரு டோனா. ஒரு நிமிஷத்துல சரி பண்றேன்."

எட்டாவது முனையை மஞ்சள் பெயின்ட்டில் கதவிலேயே வரைந்தான். அது வழிந்து வால் முளைத்தது. தின்னர் போட்டுத் துடைத்தான். வாலோடு மற்ற ஏழின் பெயின்ட்டும் போயிற்று.

"புனித ஃப்ளோரியன் சிலுவையும் நம்ம தீயணைப்புச் சின்னம்தான். ஓரமெல்லாம் வளைவா இருக்கும், கூர்முனையே கிடையாது" என்றபடி தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தான்.

"அப்ப எட்டு குணத்துக்கு எங்க போவீங்க?"

"நீ இன்னுமா போகல?"

முனைகளை நறுக்க நறுக்கச் சின்னம் சிறுத்தது. ஓரத்தில் கதவில் கறுப்பாக ஓர் ஓட்டை எட்டிப் பார்த்தது. மறைக்கலாமென்று தகரத்தை நகர்த்தப் போனான். துருவேறிய கதவுத் தகடும் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. உள்ளே தலையே நுழையும்.

மணி மூன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. வாசலில் ஓட்டுப் போடுகிறவர்களின் கார்கள் வந்து நின்றன. அப்பா அடித்துவைத்த சின்னத்தை மகனே பெயர்த்த கதையை ஊரே பேசும். கேப்டன் பதவி கண்ணெதிரே டோனாவிடம் போய்க்கொண்டிருந்தது. ரோமனுக்கு அழுகை வந்தது.

சமையலறைக்காரி வாண்டா, பியரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைத் தட்டு நிறைய ஏந்திக்கொண்டு வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"இது இன்னும் இருக்கா?"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அக்கா?"

"உங்க அப்பா கதவைத் திறந்து வெச்சுட்டே ரிவர்ஸ் எடுத்து, மாதா கோயில் வேலில மோதி ஓட்டையாக்கினார். எனக்குத் தெரியாம இருக்குமா?"

கொழுக்கட்டைகளை மேஜைமேல் கொட்டிவிட்டு, காலித் தகரத் தட்டை அவனிடம் நீட்டினாள்.

"சீக்கிரம் வெட்டு. எட்டு குணம்னு கதை விட்டு ஜெயிச்சாரே, அன்னைக்கு ஓட்டுப் போட பத்து நிமிஷம் இருக்கும்போது, இந்த ஓட்டையை மறைக்க அவரும் என் தட்டைத்தான் வெட்டினார். அவசரத்துல ஒரு முனை விட்டுப்போச்சு."