ஊவாவின் தண்ணீரை எடைபோட்டவர்

தண்ணீரைத் தொடாமல், கண்ணால்கூடப் பார்க்காமல் எடைபோட்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் சட்டலைட் ஐயாதான். பதுளையில் நான் வேலை பார்த்த நீர் அலுவலகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

வானத்தில் இரண்டு சட்டலைட் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றனவாம். நிலத்தடியில் தண்ணீர் அதிகமுள்ள இடம் அவற்றைக் கொஞ்சம் கூடுதலாக இழுக்குமாம். அந்த இடைவெளியை அளந்தால் தண்ணீர் கணக்கு வந்துவிடுமாம். ஒருத்தருக்கும் விளங்கவில்லை. உடனே என்னையும் டிரைவர் செல்வத்தையும் கன்டீன் வழியாக முன்னும் பின்னுமாக நடக்கவிட்டார். வடை வாசம் எட்டியதும் முன்னால் போன செல்வம் வேகம் பிடித்தான், இடைவெளி கூடியது. பிறகு வாசம் எனக்கு எட்டியது, இடைவெளி குறைந்தது.

"விளங்குதோ? வடைதான் நிலத்தடித் தண்ணி," என்றார். நன்றாகவே விளங்கியது. வடைதான் வாங்கித் தரவில்லை.

அந்த வருஷம் கடும் வறட்சி. கொஸ்லந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு எங்கள் பவுசர் வண்டிதான் குடிதண்ணீர் கொண்டுபோனது. இடையில் சில நாள் மழை பெய்து மலை பச்சையாகிவிட, பவுசரை நிறுத்தச் சொல்லிவிட்டார் எங்கள் மேலதிகாரி. ஐயா சட்டலைட் படத்தோடு பாய்ந்தார். மேல்மண்தான் நனைந்திருக்கிறது, அடியில் இன்னும் காய்ந்து கிடக்கிறது என்று வாதாடினார்.

இந்தப் படத்தில் அந்த லயம் எங்கே என்று கேட்டார் மேலதிகாரி. ஐயாவுக்குப் பொய் மட்டும் வராது. ஒரு கட்டத்துக்குள் ஊவா மாகாணம் முழுக்க அடங்கும், பக்கத்து மாகாணமும் கொஞ்சம் வரும் என்றார். படம் மழைக்கு முந்தியது என்பதையும் கேட்காமலே சேர்த்துக்கொண்டார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டு, மழைக்கு முந்தியதுதான் என்று இன்னொரு தடவை சொன்னார். பவுசர் நின்றது.

"சட்டலைட்டுக்கு லயம் தெரியாட்டி நாங்களே போய்ப் பாப்பம் சேர்," என்று ஐயா மேலதிகாரியை விடாமல் நச்சரித்து ஜீப்பில் ஏற்றிவிட்டார், நானும் தொற்றிக்கொண்டேன். லயத்துக்கு இறங்கும் வழியில் மேலதிகாரி வழுக்கி, முழங்கால் வரை சேறு. கழுவப் பீலிக்குக் கூட்டிப்போனோம். ஊற்றுத் தண்ணீர் மூங்கில் வழியாக விழும் இடம் அது. கண்ணுக்கு மருந்து விடுவதுபோலச் சொட்டிக்கொண்டிருந்தது. மனுஷன் காலை நீட்டியபடி கல்லில் உட்கார்ந்தே இருந்தார், கட்டைவிரல்கூடச் சுத்தமாகவில்லை.

குடத்தோடு காத்திருந்த லயத்து முத்தம்மா அக்கா அவரிடம், "அவசரப்படாதீங்க ஐயா, நாங்களும் விடியக்காலையில இருந்து நிக்கிறோம்," என்றார். அங்கிருந்தே பவுசருக்குப் போன் போனது.

மறுநாள் பவுசரிலேயே நானும் ஐயாவும் போனோம். அதுவரை எத்தனை தடவை வந்தும் லயத்தில் அவர் ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. யாழ்ப்பாணத்து ஐயா நம்ம வீட்டில் கை நனைக்க மாட்டார் என்றே அங்கு பேச்சு. அன்று முத்தம்மா அக்காவின் குடம் நிரம்பும்வரை பக்கத்தில் நின்றார்.

"அக்கா, இப்ப ஒரு தேத்தண்ணி தாங்கோ. தண்ணியில்லாத வீட்டிலை இவ்வளவு நாளும் எப்பிடிக் கேக்கிறது?"

மூன்று கோப்பை குடித்தார், மகராசன்.